வாத்துத் துப்பறிவாளரின் கடைசி வரி

எங்கள் ஃபிலிம் சொசைட்டிக்கு வரும் செக் மொழிப் படங்களில் சப்டைட்டில் இருக்காது. கூடவே வரும் வசனத் தாள்களைப் பார்த்து நான் மைக்கில் தமிழில் சொல்லிக்கொண்டே போவேன். அன்றைக்கு ஒரு பழைய துப்பறியும் நகைச்சுவைப் படம். காணாமல்போன வாத்தை ஊரெல்லாம் தேடுகிறார் துப்பறிவாளர். வாத்து அவர் பின்னாலேயே நடந்து வருகிறது.

படம் தொடங்குமுன், வாசலில் உறுப்பினர் அட்டைகளைப் பார்க்கும் வத்சலா என் மேஜைக்கு வந்தாள்.

“நாளைக்கு நாக்பூர் கிளம்பறேன். வேலை கிடைச்சிருக்கு. நீங்க எதாவது சொல்லணுமா?”

“இந்தத் தாளெல்லாம் சரிபார்க்கணும்” என்றேன்.

சரிபார்க்கவும் இல்லை. கடைசித் தாள் இல்லாதது கடைசிக் காட்சியில்தான் தெரிந்தது. ரயிலடி. வாத்தின் சொந்தக்காரி பெட்டியில் ஏறக் காலை வைக்கிறாள். துப்பறிவாளர் தொப்பியைக் கழற்றி ஒரே ஒரு வரி சொல்கிறார். அதோடு படம் முடிகிறது. அரங்கம் என் குரலுக்குக் காத்திருந்தது. மூன்றாவது வரிசையில் வத்சலா திரையைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நல்லபடியா போயிட்டு வாங்க” என்றேன் மைக்கில்.

விளக்கைப் போட்டபோது அவள் நாற்காலி காலியாக இருந்தது.

முப்பத்தெட்டு வருடங்கள் கழித்து, நேற்று அந்தப் படத்தை சப்டைட்டிலோடு பார்த்தேன். துப்பறிவாளர் சொன்னது இதுதான்: “ரயில் போகட்டும், நீங்க இருங்க.”

ஒலியை நிறுத்திவிட்டு, அவர் வாயசைவுக்கு அதை நானே சொல்லிப் பார்த்தேன். அன்று மைக்கில் சொன்னதைவிட அது நீளமான வரியொன்றும் இல்லை.