பூட்டில்லாத பிரதி

ரஞ்சன் பெரிய கடையில்தான் கணினி விளையாட்டு வாங்குவான். சுடர்விழி நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு இல்லாமல் விற்கும் சின்னக் கடையில் காசு கொடுத்து வாங்குவாள். "உன்னோடது திருட்டுச் சரக்குடி" என்று அவன் சீண்டுவான். "உன்னோடது வாடகைச் சரக்கு, கடைக்காரன் நினைச்சா பிடுங்கிக்குவான்" என்று அவள் திருப்பிக் கொடுப்பாள். கல்யாணமாகியும் அந்தச் சண்டை ஓயவில்லை. அவர்கள் முதலில் சந்தித்ததே 'உப்புக்கோட்டை' என்ற விளையாட்டுக்குள்தான்.

நேற்று பெரிய கடை உப்புக்கோட்டையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. விளையாடிய ஞாபகமும் ஒரு பிரதிதான் என்பது சட்டம். ஆகவே அங்கே வாங்கியவர்கள் தலையிலிருந்தும் அதைத் துடைத்துவிட்டார்கள்.

காலையில் ரஞ்சன் காபியை ஆறவிட்டு அவளையே பார்த்தான். "கல்யாணம் ஞாபகம் இருக்கு. ரெண்டு வீட்டையும் பகைச்சுக்கிட்டு உன்னை எதுக்குக் கட்டினேன்னுதான் பிடிபடலை."

சுடர்விழி ஓடிப்போய்த் தன் உப்புக்கோட்டைப் பிரதியை எடுத்துவந்தாள். "வா, மறுபடியும் ஆடலாம். கோட்டைச் சுவர் இடிஞ்சு நான் விழுந்தப்ப, உன் கடைசி உயிரை எனக்குக் கொடுத்தியே. எல்லாம் இதுல இருக்கு."

அவன் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பூட்டு முத்திரை இல்லை.

"திருட்டுச் சரக்கு" என்றான். இம்முறை சீண்டவில்லை. போனை எடுத்துப் பெரிய கடையின் புகார் எண்ணை அழுத்திக்கொண்டே கேட்டான்:

"அப்போ, உன் தலைக்குள்ளயும் இருக்குல்ல?"