வெண்டெலுக்கு ஒரு மெத்தை

“இதுவும் வேண்டாம், ஆர்டி. செங்கல் மேல படுத்த மாதிரி இருக்கு,” என்றார் வெண்டெல்.

“ரெண்டு நிமிஷம்கூடப் படுக்கலை. அதுக்குள்ள செங்கல், கருங்கல்லுன்னுட்டு. ஷூவைக் கழட்டு முதல்ல,” என்றார் ஆர்டித்.

யூமா நகரத்தில், நெடுஞ்சாலையை ஒட்டிய மெத்தைக் கடை அது. குளிர்காலம் வந்தால் வடக்கின் பனிக்குத் தப்பி, படுக்கையும் அடுப்பும் உள்ளேயே உள்ள வண்டி வீடுகளில் வந்திறங்கும் வயதானவர்கள்தான் அங்கே வாடிக்கை. பதினாறு வருடமாக அவர்களுக்கு மெத்தை விற்கிறவன் டரெல். மனைவிக்கு மெத்தென்று வேண்டும், கணவருக்குக் கெட்டியாக வேண்டும் என்கிற சண்டையைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப் போனவன்.

இந்தப் பெரியவரும் அம்மாளும் காலையிலிருந்து ஐந்து மெத்தை பார்த்தாகிவிட்டது.

“அளவு சொல்லுங்க மேடம். வீட்டு மெத்தை வண்டிக்குள்ள உட்காராது.”

ஆர்டித் கையிலிருந்த சீட்டைக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் படித்தார். “நீளம் எழுபத்தஞ்சு இஞ்ச். கனம் எட்டுக்கு மேல போகக் கூடாது. தலைக்கு மேல அலமாரி இருக்கு, எந்திரிச்சா இடிக்கும்.”

“இப்ப இருக்கிற மெத்தை என்ன ஆச்சு?”

“நடுவுல குழி விழுந்துடுச்சு. ஒன்பது நாளா இவர் தூங்கலை. படுக்கிறதும் எந்திரிக்கிறதும் கதவைத் திறந்துக்கிட்டு வெளிய போறதும்தான். முந்தாநாள் விடியும்போது நெடுஞ்சாலை ஓரத்துல பனியனோட நின்னிருக்கார். லாரிக்காரர் ஒருத்தர் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து விட்டிருக்கார்.”

“என் மானத்தை ஊரெல்லாம் வித்துட்டு வா,” என்று படுத்தபடியே முனகினார் வெண்டெல்.

“மெத்தை விக்கிறவர்கிட்ட மெத்தைக் கதைதான் சொல்றேன். நீ படு.”

டரெல் ஸ்பிரிங் வைத்த மெத்தை ஒன்றைக் காட்டினான். ஆர்டித் அதைக் கையால் அழுத்திப் பார்க்கக்கூட இல்லை.

“ஸ்பிரிங் ஆகாது. தானியக் கிடங்குல ஏணியிலிருந்து விழுந்து இவருக்கு இடது தோள்ல அடி. முழிச்சிருந்தா அந்தப் பக்கம் சாய மாட்டார். தூக்கத்துல அந்தப் பக்கம்தான் புரளுவார், உடனே முழிப்பு வந்துடும். தோள் கொஞ்சம் உள்ள அமுங்கணும், இடுப்பு அமுங்கக் கூடாது. அந்த மாதிரி இருந்தா காட்டுங்க.”

இத்தனை துல்லியமாக எந்த வைத்தியரும் டரெலிடம் சீட்டு எழுதி அனுப்பியதில்லை. உள்ளே போய், மூன்று அடுக்கு ஃபோம் மெத்தை ஒன்றை இழுத்து வந்து விரித்தான்.

வெண்டெல் அதில் மெல்லச் சாய்ந்தார். முகம் சுளிக்கவில்லை.

“ஆர்டி, கியர்னி ஊர்ல நம்ம வீட்டுக் கட்டில் நல்லாத்தானே இருந்துச்சு?” என்றார். மூன்றாவது முறையாகக் கேட்கிறார்.

“நல்லாத்தான் இருந்துச்சு. வண்டிக்குள்ள நுழையாது.”

“நீயும் படு. நீ இல்லாம எனக்கு எப்படித் தெரியும்?”

ஆர்டித் நின்றுகொண்டே இருந்தார்.

“படுத்துப் பாருங்க மேடம்,” என்றான் டரெல். “ரெண்டு பேருக்கும் ஒத்துக்கணுமில்ல.”

ஆர்டித் கைப்பையைத் தரையில் வைத்தார். கோட்டைக்கூடக் கழற்றாமல் மெத்தையின் விளிம்பில் நேராகப் படுத்துக் கூரையைப் பார்த்தார். வெண்டெலின் கை தடவித் தடவி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் கண் அசந்த வெண்டெல் இடது பக்கமாகப் புரண்டார். டரெல் எட்டிப் பார்த்தான். முழிப்பு வரவில்லை. குறட்டைதான் வந்தது.

டரெல் ரேடியோவை அணைத்தான்.

“கொஞ்ச நேரம் இப்படியே விடுங்க,” என்றார் ஆர்டித் சன்னமாக.

“நீங்களும் கண்ணை மூடுங்க மேடம். இப்போதைக்கு யாரும் வர மாட்டாங்க.”

“ராத்திரி ஆறு மணி நேரம் கார் ஓட்டிட்டு வந்திருக்கேன். மூடினா திறக்க மாட்டேன்.”

ஒரு மணி நேரம் அவர் அப்படியே கிடந்தார். கை மரத்துப் போயிருக்க வேண்டும். உருவிக்கொள்ளவில்லை.

வெண்டெல் விழித்ததும், “இதையே கட்டிக் குடுங்க,” என்றார் ஆர்டித்.

மெத்தையைச் சுருட்டிக் கட்டி, தள்ளுவண்டியில் வைத்து, வாசலில் நின்ற வண்டி வீட்டுக்கு உருட்டிப் போனான் டரெல். ஓட்டுநர் இருக்கையிலிருந்து நரைத்த தலையுடன் ஒரு பெண் இறங்கி வந்தார். கண்ணுக்குக் கீழே கருமை படிந்திருந்தது. அவர் ஒரு முனையைத் தூக்கக் கை நீட்டியதும் வெண்டெல் ஆர்டித்தின் பின்னால் ஒதுங்கினார்.

“யாரு இது?”

“வண்டி ஓட்டுறவங்க. நல்லவங்க.”

“அப்படியா?” வெண்டெல் தொப்பியைக் கழற்றினார். “வணக்கம் மேடம். உங்களுக்கு ரொம்ப சிரமம்.”

“சிரமமெல்லாம் இல்லை சார்,” என்றார் அந்தப் பெண். பார்வையைத் தரையிலிருந்து எடுக்கவில்லை.

மெத்தை உள்ளே போனது. பின்னாலேயே வெண்டெலும் ஏறிப் போனார்.

“கூப்பிட்டதும் வருவீங்கன்னு நினைக்கலை ஆர்டித்,” என்றார் அந்தப் பெண்.

“நானும் நினைக்கலை. ரெண்டு நாள் இருந்து பழக்கி விடறேன், மார்லிஸ். மூணாம் நாள் விளக்கை அணைச்சப்புறம் நீ வந்து படுத்துக்கோ. பேச்சுக் குடுக்காத. கையை மட்டும் குடு, தூங்கிடுவார். நீயும் எத்தனை நாளைக்குத்தான் டிரைவர் சீட்டுலயே உட்கார்ந்து தூங்குவே?”

டரெல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். ஆர்டித் அவன் கையிலிருந்த ரசீதை வாங்கி மார்லிஸிடம் கொடுத்தார்.

“என்னை விட்டுட்டு அவர் இவளைக் கட்டிக்கிட்டு இருபத்திரண்டு வருஷம் ஆச்சு தம்பி,” என்றார், வண்டிப் படியில் காலை வைத்தபடி. “பாவம், அவருக்கு அது ஞாபகம் இல்லை.”