ஷெமியின் வருகைப்பதிவு

அடுத்தது ஷெமியின் பெயர்.

கடைசி பெஞ்சில் ஜினு குனிந்துகொண்டாள். தொண்டையைக் கொஞ்சம் இறுக்கி, சொல்லின் கடைசியை இழுத்தால் தோழியின் குரல் வந்துவிடும். இப்போதெல்லாம் ஷெமியின் குரல் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தால், தான் கொடுக்கும் இந்தக் குரல்தான் காதில் விழுகிறது. அது மட்டும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

சாம்பசிவன் சார் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்க மாட்டார். அவருக்கா தெரியாது? கிராண்டில் படிக்கிற பிள்ளைக்கு வருகை குறைந்தால் சர்க்கார் பணம் நிற்கும். பணம் நின்றால் படிப்பும் நிற்கும். கிராண்ட்காரர்கள் யார் வராவிட்டாலும் இன்னொருத்தர் குரல் கொடுப்பது அந்த வகுப்பின் வழக்கம். ஜினு காய்ச்சலில் கிடந்தபோது ஷெமிதான் அவளுக்காகக் கத்தினாள்.

ஓண விடுமுறை முடிந்து வந்த கையோடு, அம்மாவுக்கு ரொம்பவும் முடியவில்லை என்று சொல்லி, இருவரும் தங்கியிருந்த கரமனை வாடகை அறையிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள் ஷெமி. பொன்முடி தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில் தாயும் மகளும் மட்டும்தான். தாய் படுத்துவிட்டால் கொழுந்து பறிக்க மகள்தானே போக வேண்டும்? மலைமேல் ரேஞ்சும் சரியாகக் கிடைக்காது. போன் போகாததற்கு ஜினு இப்படித்தான் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

வராந்தாவில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம்கூடத் தொங்கவிட்டாயிற்று. ஷெமி வந்தபாடில்லை.

அப்போது வாசலில் யாரோ ஒரு அம்மாள் வந்து நின்றாள். கையில் துணிப்பை. இந்த வெயிலிலும் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. சார் கவனிக்காமல் அடுத்த பெயரை வாசித்தார்.

“ஷெமி டி.”

“பிரசென்ட் சாஆர்.”

வாசலில் நின்றவளின் முகம் மலர்ந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு உள்ளே கால் வைத்தாள்.

“சாரே, நான் ஷெமிக்க அம்மையாக்கும். ஓணத்துக்கு வந்துட்டுப் போனவ, பெறவு வீட்டுப் பக்கமே வரல்ல. போனும் போக மாட்டேங்கு. கிராண்டு வந்த மெசேஜ் மட்டும் மாசாமாசம் எனக்க போனுக்கு வருது. அதான், நல்லாத்தான் படிக்கான்னு இருந்துட்டேன். இப்பம் அவ சத்தத்தக் கேட்ட பெறவுதான் எனக்கு உசிரே வந்துச்சு. மூஞ்சிய ஒருதரம் பாத்துட்டுப் போயிருதேன்.”

சாம்பசிவன் சார் தலையைத் தூக்கினார். வகுப்பே குனிந்துகொண்டது.

ஜினு எழுந்திருக்கலாம் என்று பார்த்தாள். பாதி எழுந்தவள் மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

குரல் வந்த திசையை அந்தத் தாய் சரியாகவே பிடித்திருந்தாள். ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்துக்கொண்டே கடைசி பெஞ்சுக்கு நடந்து வந்தாள். நல்ல திடமான நடை. நோயில் கிடந்து எழுந்தவளின் நடையே இல்லை.

ஜினுவின் பக்கத்தில் ஷெமியின் இடம் காலியாக இருந்தது. அந்த அம்மாள் இன்னும் சிரித்துக்கொண்டேதான் வந்தாள்.