ஆசீர்வாதம் வழுக்கிய கார்

"இந்தக் கார்ல ஏதோ பாவம் இருக்கு!"

மூப்பர் ஒகுன்போர் சொன்னதும் மேளம் நின்றுவிட்டது.

பெனின் நகரத்தில் எங்கள் சபையில் யார் கார் வாங்கினாலும், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகர் ஜெபம் பண்ணி, கிண்ணத்துத் தண்ணீரை பானெட்டில் ஊற்றுவார். தண்ணீர் பரவி நனைத்து நிற்க வேண்டும். அப்படி எந்த வேதத்திலும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் அத்தனை கண்களும் அதைத்தான் பார்க்கும்.

இயாரேயின் காரில் ஒரு சொட்டு நிற்கவில்லை. முத்து முத்தாக உருண்டு, போதகரின் புது ஷூவில் போய் இறங்கியது.

இயாரே ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன். கார் பழையதுதான், அவனுக்குப் புதுசு. அந்த வாரம்தான் மூப்பரின் மகள் இட்டோகானைப் பெண் கேட்டுப் போவதாக இருந்தான்.

"ஐயா, அது பாவம் இல்லீங்க, மெழுகு. நேத்துதான் ரெண்டு தரம் பூசினேன். மழைத்தண்ணி, தூசி எதுவும் ஒட்டாது."

"ஓகோ. ஆண்டவரோட ஆசீர்வாதமும் ஒட்டாதோ?"

பெண்கள் பக்கம் "ஸ்தோத்திரம்" என்று பெருமூச்சு எழுந்தது. நாங்களும் தலையாட்டி வைத்தோம். மூப்பர் சொல்லும்போது தலையாட்டாமல் இருக்க முடியுமா?

போதகர் ஷூவைத் துடைத்துக்கொண்டே, "உபவாசம் இருந்து உன்னையே சோதிச்சுப் பாரு, தம்பி" என்றார்.

"பொண்ணு கேக்கிற பேச்சையும் இத்தோட விட்டுடு. இந்தக் கார்ல என் பொண்ணு ஏற மாட்டா," என்று முடித்தார் மூப்பர்.

இட்டோகான் தலை குனிந்துகொண்டாள். இயாரே உபவாசத்தை அன்று மதியமே ஆரம்பித்துவிட்டான். சாப்பாடு எங்கே இறங்கும்?

ஊர் சும்மா இருக்குமா? திருட்டுக் கார் என்றார்கள். இல்லை, செத்தவன் கார் என்றார்கள். ஃப்ரிட்ஜ் ரிப்பேருக்கு அவனைக் கூப்பிடுவதையும் நிறுத்தினார்கள். அவன் கை பட்டால் உள்ளே வைத்த எகுசி விதை சூப் கெட்டுப்போகுமாம்.

டிசம்பரில் ஹர்மட்டான் புழுதிக்காற்று வந்தது. ஊரிலுள்ள கார்கள் எல்லாம் மாவு பூசிக்கொண்டன. மூப்பருக்கு சிமென்ட் கடை வேறு, கேட்கவேண்டுமா? தன் வண்டி சிவப்பு என்பது அவருக்கே மறந்துபோயிருக்கும். இயாரேயின் கார் மட்டும் ஒரு வாளித் தண்ணீருக்குப் பளபளவென்று ஆகிவிடும்.

ஒரு நாள் மூப்பரின் வண்டி அவன் வீட்டு வாசலில் வந்து நின்றது.

"தம்பி, அந்த மெழுகு... எது நல்லது? பாட்டில்ல சிங்கம் படம் போட்டு விக்கிறானே, அதா?"

"அது உடனே பளபளக்கும் ஐயா. மூணு தரம் கழுவினா போயிடும். டப்பாவுல கெட்டியா வருது பாருங்க, அதான் நிக்கும். தேய்க்கக் கை கடுக்கும். ஆனா மழை வர்ற வரைக்கும் தாங்கும்."

"எனக்கு நிக்கிறதுதான் வேணும்."

"ஐயா, அன்னிக்குப் பாவம்னு சொன்னீங்களே?"

"அது வேற பேச்சு. நீ முதல்ல தேய்."

இயாரே வண்டியைக் கழுவி, நிழலில் நிறுத்தி, மங்கிய பெயின்ட்டை பாலிஷ் போட்டுத் தேய்த்து எடுத்தான். பிறகு ஸ்பாஞ்சில் மெழுகைத் தொட்டு, ஒவ்வொரு கதவாக, இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்கு மெல்லிசாகப் பூசினான். மூப்பருக்குப் பொறுக்கவில்லை.

"என்னடா கஞ்சத்தனம்? நல்லா அப்பு!"

"அப்பினா பிசுபிசுன்னு ஆயிடும், துடைக்க வராது. வெள்ளையாப் பூத்துக் காயட்டும் ஐயா. அப்புறம் துடைச்சுட்டு, நாளைக்கு இன்னொரு தரம் பூசணும்."

மறுநாள் அப்பாவோடு இட்டோகானும் வந்தாள். ஒரு பழைய பனியன் துணியை எடுத்துக்கொண்டு மறுபக்கக் கதவைத் துடைத்தாள். ஒரே கதவை வெகுநேரம் துடைத்தாள். மூப்பர் பார்க்காத மாதிரி தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

வேலை முடிந்ததும் இயாரே கும்பிடாத குறையாகக் கேட்டான்.

"சபையில ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க ஐயா. என் கார்ல இருந்தது மெழுகுதான்னு. எவனும் வேலைக்குக் கூப்பிடறதில்லை."

"சொல்றேன், சொல்றேன். புத்தாண்டு ஆராதனையில எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

புத்தாண்டன்று ஊரிலுள்ள வண்டிகளெல்லாம் ஆசீர்வாதத்துக்கு வரிசையில் நின்றன. முதல் வண்டி மூப்பருடையது. மூப்பருடையதுதானே முதலில் நிற்கும்? போதகர் ஜெபித்தார், தண்ணீரை ஊற்றினார்.

அத்தனையும் உருண்டு ஓடிவிட்டது. ஒரு சொட்டு நிற்கவில்லை.

மேளம் நின்றது. எல்லோரும் மூப்பரைப் பார்த்தார்கள். தன் வண்டியிலும் அதே மெழுகுதான் என்பது மூப்பருக்கு அப்போதுதான் உறைத்திருக்கவேண்டும். இயாரே கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். இப்போது மெழுகு என்று சொல்லித்தானே ஆகவேண்டும்?

மூப்பர் இரண்டு கைகளையும் மேலே தூக்கினார்.

"பாத்தீங்களா ஜனங்களே! ஏற்கெனவே ஆசீர்வாதம் நெறைஞ்சு வழியுது. இதுக்கு மேல ஊத்தினா எங்க நிக்கும்?"

"அல்லேலூயா!" என்று சபை எழுந்து ஆடியது. போதகரும் ஆடினார்.

இயாரே வாயைத் திறந்தான். மெழுகு என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் மூப்பர் பாய்ந்து வந்து அவன் தோளில் கையைப் போட்டார்.

"இவன்தான் எனக்கு வரப்போற மருமகன்!"

"ஆமென்!" என்று கத்தினான் இயாரே. அன்றைக்குச் சபையிலேயே உரத்த ஆமென் அவனுடையதுதான்.