குறுக்குப் பேச்சு

செம்பூர் வீட்டில் சுஜா மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள்.

"ஆப்போட நூத்தம்பது செட்டிங்கையும் ஏஐகிட்ட குடுத்துப் பார்த்தேன். வேகத்தைக் கெடுக்கிறது ஒண்ணே ஒண்ணுதானாம். மாத்திட்டேன். இனிமே..."

"மீன் கருகுது!" என்று குறுக்கிட்டான் கணவன் ஜாபெஸ்.

ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். "என்னைப் பேசி முடிக்க விட மாட்டியளா?" என்றவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஏட்டி, இதுக்கெல்லாமா அழுவாங்க?"

தொண்டை ஆபரேஷனில் ஜாபெஸின் குரல் போய் ஒரு வருஷம் ஆகிறது. அவன் போனில் தட்டுவதை சுஜா செய்துகொடுத்த ஆப்தான் பேசும். அது யோசித்துப் பேசுவதற்குள் அவள் அடுத்த பேச்சுக்குப் போயிருப்பாள். இன்றுதான் அவனால் அவள் பேச்சில் குறுக்கிட முடிந்திருக்கிறது.

"இன்னும் ரெண்டு வார்த்தை திட்டுங்க," என்றாள் சுஜா.