கத்தி பிடிக்கும் கை

கத்தியை எடுத்தாலே கை வெடவெடவென்று நடுங்கியது. முடிதிருத்துபவருக்குக் கை நடுங்கினால் பிழைப்பு என்னாவது? காலையில் வாடிக்கையாளர் ஒருவரின் கன்னத்தைக் கீறிவிட்டு, கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர், டாக்டருக்குப் போன் போட்டார்.

"பதட்டத்துக்குக் கொடுத்தீங்களே, அந்த மாத்திரைதான் சார் என்னைக் கொல்லுது! பத்து நாளா பொட்டுத் தூக்கமில்ல, வேர்த்துக் கொட்டுது. பைத்தியமே பிடிச்சிடும் போல. இன்னையோட நிறுத்திடறேன்."

"ரெண்டு மாசம் நல்லாத்தானே இருந்தீங்க? இதெல்லாம் மாத்திரையை திடீர்னு நிறுத்தினா வர்றது. நிறுத்திட்டீங்களா?"

"ஐயோ, ஒரு நாள் தவறல சார்! வீட்டுக்காரியே தினமும் பிரிச்சு உள்ளங்கையில வைக்கறா. அவ முன்னாடிதான் முழுங்கறேன். வேணும்னா அவளையே கேளுங்க."

போனை மனைவியிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. முகம் வெளிறிப்போய் உள்ளே போனவள், துணி அலமாரியின் அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வந்து அவர் முன்னால் பிரித்தாள்.

பத்து வெள்ளை மாத்திரைகள்.

"பழகிட்டா விடவே முடியாதுன்னு டப்பாவுக்குள்ள இருந்த சீட்டுல போட்டிருந்துச்சுங்க. பயமா இருந்துச்சு. அதான், இதே மாதிரி இருக்கற சத்து மாத்திரையா வாங்கிக் கொடுத்தேன்..."