முழுத் தப்பு

ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்ணாடிக் குடுவையும், அதற்குள் சுழன்று கரைசலைக் கலக்கும் ஒரு காந்தக் குச்சியும் இருந்தன. சுழலாத நேரத்திலும் குச்சியின் மனசு மட்டும் சுழன்றுகொண்டே இருக்கும்.

அங்கே இன்பவல்லி என்ற வேதியியலாளர் ஒரு மருந்தைத் தேடிக்கொண்டிருந்தாள். அதன் மூலக்கூறு நம் கைகளைப் போல இடக்கை, வலக்கை என்று இரு வடிவங்களில் பிறக்கும். வலக்கை நோயைத் தீர்க்கும். இடக்கை உடம்பைக் கெடுக்கும். வலக்கையை மட்டும் பிறக்கவைக்கும் வினையூக்கிக்காகவே அவள் இளமை கரைந்துபோனது. எதைப் போட்டாலும் இரண்டும் பாதிக்குப் பாதி வந்தன.

"நான்தான் சரியா சுத்தலையோ?" என்று குச்சி புலம்பும்.

"சும்மா இரு, எனக்குத் தலை சுத்துது" என்று குடுவை சலித்துக்கொள்ளும்.

ஒருநாள் புது வினையூக்கி ஒன்றைப் போட்டாள். பிறந்தது அத்தனையும் இடக்கை.

குச்சிக்கு உயிரே போய்விட்டது. "பாதியாவது சரியா வந்துச்சு, இப்ப அதுவும் போச்சே! நம்மளைத் தூக்கி எறியப்போறா."

இன்பவல்லியோ கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "இப்பதான் இது ஒரு பக்கமா சாயுது!" என்றாள். அதே வினையூக்கியைக் கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல இடம் வலம் மாற்றிச் செய்து போட்டாள். அத்தனையும் வலக்கையாகப் பிறந்தது.

"அப்பாடா, இனி தூங்கலாம்" என்றது குடுவை.

அதற்குள் அவள் குச்சியைக் கழுவி, அடுத்த மருந்துக்கான வேறொரு குடுவையில் போட்டுவிட்டாள். அங்கேயும் பாதிக்குப் பாதிதான் வந்தது.

"எப்பதான் முழுசா தப்பாகும்?" என்று தவித்தபடி குச்சி சுழன்றது.